கண் கூசாத விளக்கு



அண்மையில் கட்டப்பட்ட வீடுகளுக்கு விருந்துண்ணச் சென்றிருப்பீர்கள். ஹாலைத் தாண்டிச் சாப்பாட்டு மேசையருகே வந்ததும் உங்கள் கண்ணில் முதலில் படுவது எது? மேசைக்கு நேர் மேலே, கூரையிலிருந்து ஒற்றைக் கம்பியில் இறங்கித் தொங்கும் விளக்குதான். சில வீடுகளில் அது கவிழ்த்து வைத்த கிண்ணம் போலிருக்கும். சில வீடுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டுகளைப் போலிருக்கும். இன்னும் சில வீடுகளில் காகிதத்தால் செய்த பூசணிக்காய் போலிருக்கும். வீட்டுக்காரரிடம் கேட்டால், "இது மிட் செஞ்சுரி மாடல்" என்பார். விலையையும் சொல்வார், நாம் கேட்காவிட்டாலும் சொல்வார்!

'மிட் செஞ்சுரி' என்றால் நூற்றாண்டின் நடுப்பகுதி என்று பொருள். சென்ற நூற்றாண்டின் 1940, 1950, 1960களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தோன்றிய மேசை, நாற்காலி, விளக்கு ஆகியவற்றின் பாணியை இப்பெயரால் குறிக்கின்றனர். நம் பாட்டனார் காலத்து வடிவம்தான் இன்று நவீனம் என்ற பெயரோடு நம் வீட்டுக்குள் நுழைகிறது. இதில் வியப்பதற்கும் ஒன்றுமில்லை, குறை கூறுவதற்கும் ஒன்றுமில்லை. நல்ல பொருள் பழையதாகிவிட்டால் கெட்டுவிடுமா என்ன? ஆனால், அந்த வடிவத்தை முதலில் உருவாக்கியவர்கள் எதற்காக அதை உருவாக்கினார்கள் என்பதை அறியாமல் வாங்கிவிட்டால், வடிவம் மட்டும் வீட்டுக்கு வரும். அதன் பயன் கடையிலேயே தங்கிவிடும். அதைத்தான் உங்களிடம் சொல்ல விழைகிறேன்.

நான் மதரஸாவில் பாடம் நடத்துபவன். கல்லூரியில் படித்தது வரலாறு. விளக்கு வாணிபத்துக்கும் எனக்கும் யாதொரு தொடர்புமில்லை. என் மூத்த சகோதரியின் வீட்டில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவமே என்னை இந்த ஆராய்ச்சியில் இறக்கிவிட்டது.

சகோதரியின் மகன் வெளிநாட்டில் பல ஆண்டுகள் உழைத்துச் சேமித்து வீடு கட்டினான். அல்ஹம்துலில்லாஹ், காற்றும் வெளிச்சமும் நிறைந்த நல்ல வீடு. சாப்பாட்டு மேசைக்கு மேலே, மூன்று உலோகத் தட்டுகளை அடுக்கியது போன்ற தொங்குவிளக்கு ஒன்றைப் பெருநகரக் கடையொன்றிலிருந்து வரவழைத்து மாட்டினான். உள்ளே தெளிந்த கண்ணாடி பல்பு. பழங்காலத்து இழை பல்பைப் போன்ற தோற்றமுள்ள எல்.ஈ.டி. வகை. யாருடைய தலையிலும் இடிக்கக் கூடாதென்று நன்றாக உயர்த்திக் கட்டியிருந்தார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் அழகு என்றார்கள். நானும் அழகு என்றேன், அழகாகத்தான் இருந்தது.

அந்த வீட்டில் மருமகனின் தந்தைவழிப் பாட்டனார் இருக்கிறார். 'வாப்பிச்சா' என்று பிள்ளைகள் அழைப்பார்கள். எண்பதைக் கடந்தவர். ஒரு கண்ணில் புரை அறுவை ஆகிவிட்டது. மறு கண்ணில் இன்னும் ஆகவில்லை. குடிபுகுந்த முதல் சில நாட்கள் எல்லாரோடும் மேசையில் அமர்ந்து உண்டார். பின்னர், "எனக்கு உள்ளேயே கொண்டு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுத் தம் அறையில் தனியே உண்ணத் தொடங்கினார். பழைய வீட்டில் பாய் விரித்து, நடுவில் சகன் வைத்து, நான்கைந்து பேராகச் சுற்றியமர்ந்து உண்டவர் அவர். மேசை நாற்காலி பிடிக்கவில்லை போலும் என்றார் ஒருவர். பேரன் பணக்காரனாகிவிட்டதில் வருத்தமோ என்றார் இன்னொருவர். என் சகோதரிதான் மிகவும் நொந்துபோனார். "மாமாவுக்கு என் மேல என்ன மனக்குறையோ, வாயைத் திறந்து சொல்ல மாட்டேங்கிறாங்களே" என்று என்னிடம் கண்கலங்கினார்.

ஓரிரவு அங்கே உண்ண நேர்ந்தபோது, காலியாயிருந்த அவருடைய நாற்காலியிலேயே எனக்கு இடம் போட்டார்கள். அமர்ந்து நிமிர்ந்தேன். பல்பின் இழை நேரே என் கண்ணில் குத்திற்று. தட்டைப் பார்த்தால் தட்டுக்கு நடுவே ஒரு கறுப்புப் புள்ளி மிதக்கிறது. நாற்பதைக் கடந்த என் கண்ணுக்கே இப்படியென்றால்! உண்டு முடித்ததும் வாப்பிச்சாவின் அறைக்குப் போய், மெதுவாகக் கேட்டேன்.

"அந்த வெளிச்சம் கண்ணுல குத்துது தம்பி. மீன்ல முள்ளு இருக்கா இல்லையான்னே தெரியலை. பிள்ளை ஆசையா வாங்கி மாட்டியிருக்கான். சொன்னா மனசு நோகுமேன்னுதான் சொல்லலை" என்றார்.

இவ்வளவுதான் விஷயம். ஒரு குடும்பம் ஒரு மாத காலம் மனத்தாங்கலில் கிடந்ததற்குக் காரணம் ஒரு பல்பு.

முதுமையில் கண்ணின் வில்லை மங்கத் தொடங்குகிறது. கலங்கிய கண்ணாடியில் வெயில் பட்டால் எப்படி ஒளி நாற்புறமும் சிதறுமோ அப்படியே கண்ணுக்குள் நுழையும் ஒளி சிதறிவிடும். எதிரே ஒரு கூர்மையான வெளிச்சம் இருந்துவிட்டால், அந்தச் சிதறல் திரைபோலப் படர்ந்து, பார்க்க வேண்டிய பொருளை மறைத்துவிடும். ஆகவே முதியவர்களுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும்; அதே வேளையில் அந்த வெளிச்சம் பிறக்கும் இடம் கண்ணில் படக் கூடாது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தோன்றும். ஆனால் இந்த முரணைத் தீர்ப்பதற்காகவே ஒருவர் தம் வாழ்நாளில் நாற்பதாண்டுகளுக்கு மேல் செலவிட்டார் என்பதையும், என் மருமகன் வாங்கி மாட்டியது அவருடைய விளக்கின் நகலே என்பதையும் பின்னர்தான் அறிந்தேன்.

அவர் பெயர் போல் ஹென்னிங்சன். டென்மார்க் நாட்டவர். 1894இல் பிறந்தவர். தாயார் ஆக்னஸ் ஹென்னிங்சன் ஓர் எழுத்தாளர். கோபன்ஹேகன் நகரையடுத்த ஓர்ட்ரப் என்னும் ஊரில் பிறந்து, மின்சாரம் இல்லாத வீட்டில், மண்ணெண்ணெய் விளக்கொளியில் வளர்ந்தார். நம்மில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அந்த வெளிச்சம் நினைவிருக்கும். அரிக்கேன் விளக்கைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களின் முகம் மட்டும் மஞ்சளாய்த் தெரியும், கண் நோகாது. பின்னர் மின்சாரம் வந்தது, வெளிச்சம் பலமடங்காயிற்று. ஆனால் வெறும் பல்பைக் கூரையிலிருந்து தொங்கவிட்டபோது, அதன் கீழே இருந்த முகங்கள் களையிழந்து போயின, கண்கள் கூசின. மின்சாரத்தின் பலமும் மண்ணெண்ணெய் விளக்கின் இதமும் ஒன்றுசேர வேண்டும் என்பதே ஹென்னிங்சனின் நாட்டமாயிற்று.

இந்த அக்கறை டென்மார்க்கில் பிறந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. டிசம்பர் மாதத்தில் கோபன்ஹேகனில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நீண்ட இரவு முழுவதும் மனிதர்கள் விளக்கடியிலேயே வாழ்கிறார்கள். நமக்கு வெயிலிலிருந்து ஒளிய நிழல் எப்படியோ, அப்படி அவர்களுக்கு விளக்கு.

அவர் செய்தது என்ன? கடைக்காரர்கள் 'ஷேடு' என்று சொல்லும் மூடியை ஒன்றாக வைக்காமல் மூன்றாக அடுக்கினார். மேலே பெரியது, நடுவில் சிறியது, கீழே அதனினும் சிறியது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஏதேனும் ஒரு மூடி பல்பை மறைத்துக்கொள்ளும். பல்பிலிருந்து புறப்படும் ஒளி மூடிகளின் உட்புறத்தில் பட்டுத் தெறித்தே வெளியே வரும். அந்த மூடிகளின் வளைவையும் அவர் மனம்போனபடி வளைக்கவில்லை. சில கடற்சிப்பிகளின் ஓட்டில் உள்ளிருந்து வெளியே விரிந்துகொண்டே போகும் சுருளைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய சுருளின் மையத்தில் ஒளியை வைத்தால், வளைவின் எந்த இடத்திலும் அது ஒரே கோணத்தில் சென்று படும் என்பது கணிதம். அந்தச் சுருளையே அவர் மூடிகளுக்கு அளவாகக் கொண்டார். ஆகவே ஓரிடத்தில் பளீரென்றும் ஓரிடத்தில் இருண்டும் இல்லாமல், ஒளி சீராகப் பரவிற்று.

1925ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த புகழ்பெற்ற அலங்காரக் கலைக் கண்காட்சியில் அவருடைய விளக்கு தங்கப் பதக்கம் பெற்றது. மறு ஆண்டு கோபன்ஹேகனின் ஃபோரம் என்னும் கண்காட்சி மண்டபம் அவருடைய விளக்குகளால் ஒளியூட்டப்பட்டது. லூயி பௌல்சன் என்னும் நிறுவனம் அவற்றைத் தயாரித்தது. அந்தக் கூட்டு, 1967இல் அவர் இறக்கும்வரை நீடித்தது. இதற்கிடையே அவர் பத்திரிகை நடத்தினார். மேடை நிகழ்ச்சிகளுக்குப் பாட்டெழுதினார். தம் நாட்டவரோடு ஓயாமல் வாதிட்டார். அமைதியான ஒளியைத் தேடியவர் அமைதியான மனிதரல்லர்!

போர்க்காலத்தில் அவருடைய கலைக்கு ஒரு விசித்திரமான சோதனை வந்தது. ஜெர்மானியப் படை டென்மார்க்கை ஆக்கிரமித்திருந்த நாட்களில் இரவில் விளக்கெரியக் கூடாது என்பது கட்டளை. கோபன்ஹேகனில் டிவோலி என்னும் பழம்பெரும் பூங்கா இருக்கிறது. அதன் தலைமைக் கட்டடக்கலைஞராக இருந்த ஹென்னிங்சன், ஒளி தரையில் மட்டும் விழுந்து வானிலிருந்து பார்த்தால் தெரியாதபடி அங்கே விளக்குகளை அமைத்தார். ஊர் இருண்டு கிடக்க, மக்கள் நள்ளிரவு வரை பூங்காவில் நடமாட முடிந்தது. மேலே மறைத்துக் கீழே கொடுப்பது என்ற அவருடைய முறை இங்கே உயிர்காக்கும் காரியமாயிற்று. பின்னர் 1943இல் அவரே நாட்டைவிட்டுத் தப்பியோட நேர்ந்தது. யூத வம்சாவளியினரான கட்டடக்கலைஞர் ஆர்னே யாக்கப்சனும் அவரும் துடுப்புப் படகில் கடலைக் கடந்து ஸ்வீடனை அடைந்தார்கள்.

இன்று நம் கடைகளில் தட்டடுக்குப் போலத் தொங்கும் நகல்கள் பெரும்பாலும் அவர் 1958இல் வெளியிட்ட 'பி.ஹெச். 5' என்னும் விளக்கைப் பார்த்துச் செய்யப்பட்டவை. அதன் குறுக்களவு 50 செ.மீ.; பெயரிலுள்ள 5 அதனால் வந்தது. அந்த விளக்கு பிறந்த கதை இல்லத்தரசிகளுக்குப் பிடிக்கும் என்று எண்ணுகிறேன். பல்பு தயாரிப்பாளர்கள் அடிக்கடி பல்பின் வடிவத்தையும் அளவையும் மாற்றிக்கொண்டேயிருந்தார்கள். பழைய விளக்குக்குப் புதிய பல்பு பொருந்தாது. பொருந்தினாலும் வெளியே துருத்திக்கொண்டு கண்ணைக் குத்தும். பல தடவை சலித்துக்கொண்ட ஹென்னிங்சன், எந்த பல்பைப் போட்டாலும் வெளியே தெரியாத ஒரு விளக்கைச் செய்துவிடுவது என்று முடிவு கட்டினார். அதன் உள்ளே சிறு சிவப்பு வண்ணமும் நீல வண்ணமும் பூசிய பாகங்கள் உண்டு. மனிதக் கண்ணுக்கு மஞ்சளும் பச்சையும் எளிதில் புலப்படும். சிவப்பும் நீலமும் அவ்வளவாகப் புலப்படா. அந்தக் குறையைச் சிறிது ஈடுசெய்யவே அவ்வண்ணங்கள். நகல் செய்பவர்கள் இதையெல்லாம் எங்கே கவனிக்கிறார்கள்? சிவப்பும் நீலமும் போயிற்று. உள்மூடிகள் மேலேறிப் பல்பு கீழே இறங்கிற்று. உட்புறத்து வெள்ளை மங்கல் பூச்சுக்குப் பதில் பித்தளை மெருகு பளபளக்கிறது. பல்பை மறைப்பதற்காகப் பிறந்த விளக்கில் பல்பே கண்காட்சிப் பொருளாகிவிட்டது!

அதே 1958இல் கோபன்ஹேகன் துறைமுகத்தருகே லாங்கெலினி உணவகத்துக்காக அவர் செய்த இன்னொரு விளக்கும் பெயர் பெற்றது. 72 செப்பு இதழ்களைப் பன்னிரண்டு அடுக்குகளாகக் கோத்தது. ஒரு பெரிய மொட்டைத் தலைகீழாகத் தொங்கவிட்டது போலிருக்கும். எப்பக்கம் நின்று பார்த்தாலும் உள்ளிருக்கும் பல்பு தெரியாது.

தொங்குவிளக்கு என்பதே டென்மார்க்கில் பிறந்ததன்று. மம்லூக் சுல்தான்களின் காலத்தில் கெய்ரோ பள்ளிவாசல்களில், எனாமல் வேலைப்பாடமைந்த கண்ணாடி விளக்குகளைச் சங்கிலிகளில் தொங்கவிட்டிருந்தார்கள். வண்ணக் கண்ணாடி ஊடாகக் கசிந்து வந்த எண்ணெய்ச் சுடர் யார் கண்ணையும் உறுத்தியிராது. இன்று அவை அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

நடு நூற்றாண்டின் மற்ற இரு விளக்குகளையும் ஓரிரு வரிகளில் சொல்லிவிடுகிறேன். அவற்றின் நகல்களும் நம் ஊர்களுக்கு வந்துவிட்டன. வெண்ணிறக் குமிழி போன்ற விளக்கு அமெரிக்கரான ஜார்ஜ் நெல்சனுடையது. ஸ்வீடனில் செய்த பட்டுத்துணி விளக்கொன்றைத் தம் அலுவலகத்துக்கு வாங்க ஆசைப்பட்டார்; 125 டாலர் விலை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. பயன்படுத்தாமல் நிறுத்தி வைத்த கப்பல்களைக் காப்பதற்குப் பிளாஸ்டிக்கைச் சிலந்தி வலைபோல் பீய்ச்சியடிக்கும் முறையைப் பற்றிக் கேள்விப்பட்டவர், கம்பிக் கூண்டு கட்டி அதன்மேல் அதையே அடிக்கச் செய்தார். வாங்க முடியாத ஏக்கத்தில் பிறந்த விளக்கு! காகிதப் பூசணிக்காய் இசாமு நொகுச்சியுடையது. ஜப்பானியத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் பிறந்த இந்தச் சிற்பி 1951இல் ஜப்பானின் கிஃபு நகருக்குச் சென்றபோது, நலிந்து வந்த காகித விளக்குத் தொழிலுக்கு உதவுமாறு அவ்வூர் மேயர் கேட்டுக்கொண்டார். மூங்கில் சிம்புகளின் மேல் முசுக்கட்டை நார்க் காகிதத்தை ஒட்டி அவர் செய்த விளக்குகளுக்கு 'அகாரி' என்று பெயர். ஒளி என்று பொருள். இவ்விரண்டிலும் பல்பு முழுவதும் உறைக்குள் இருப்பதால் கண் கூசும் தொல்லை குறைவு.

இனி சகோதரியின் வீட்டுக்கு வருவோம். விளக்கைக் கழற்றிவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. மருமகனின் ஆசை அது. எலக்ட்ரீஷியனை வரவழைத்தோம். தெளிந்த பல்பை எடுத்துவிட்டு, பால் வண்ண உறையுள்ள, மஞ்சள் கலந்த ஒளி தரும் பல்பைப் போட்டோம். பின்னர் கம்பியை நீட்டி, விளக்கின் கீழ்விளிம்பு மேசையிலிருந்து 60 செ.மீ., ஏறத்தாழ இரண்டடி உயரத்தில் நிற்கும்படி இறக்கினோம். "மாமா, தலையில் இடிக்குமே" என்றான் மருமகன். மேசைக்கு நடுவே தொங்குவதில் யார் தலை இடிக்கும்? விளக்கு உயரத்தில் இருந்தால், அமர்ந்திருப்பவர் அதன் திறந்த வாய்க்குள் அண்ணாந்து பார்க்க நேரும், பல்பு தெரியும். தாழ இறங்கினால் பார்வை மூடியின் வெளிப்புறத்திலேயே தடைபட்டுவிடும். டென்மார்க்கில் இந்த விளக்கை மாட்டும் உயரமும் இதுவேயாகும்.

மறு வாரம் நான் சென்றபோது வாப்பிச்சா தம் பழைய நாற்காலியில் இருந்தார். பக்கத்திலிருந்த கொள்ளுப்பேரனுக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் சகோதரிக்குப் புதுக் குறை ஒன்று முளைத்திருந்தது: "மேசை நல்லா தெரியுது, அடுப்படிக்குப் போற வழி இருட்டாக் கிடக்குதே!" நியாயமான குறைதான். தாழ்ந்த விளக்கு மேசைக்கு மட்டுமே வேலை செய்யும். சுற்றிலும் கும்மிருட்டாக விட்டுவிட்டால் அந்த வேறுபாடே கண்ணைச் சோர்வடையச் செய்யும். சுவரோரம் மங்கலான விளக்கொன்றும் வேண்டும், அதையும் போட்டார்கள்.

விளக்கு வாங்கப் போகிறவர்களே, கடையில் நின்றபடி பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, விளக்குக்குக் கீழே அமர்ந்து, எரியவிட்டுப் பாருங்கள். பல்பு தெரிகிறதா? இயன்றால் வீட்டுப் பெரியவரையும் உடன் அழைத்துச் சென்று உட்கார வைத்துக் கேளுங்கள். சிறு பிள்ளையையும் கேளுங்கள், அதன் கண் நம் கண்ணைவிடத் தாழ இருப்பதால் அதற்குத் தெரிவது நமக்குத் தெரியாது. உட்புறம் மங்கலான வெண்மையாக இருப்பது நல்லது. மெருகேற்றிய பித்தளை கண்ணாடிபோல் பல்பைக் காட்டிக்கொடுக்கும்.

ஹென்னிங்சன் எதிர்கொள்ளாத சிக்கல் ஒன்று நமக்கு உண்டு: மின்விசிறி. நம் வீடுகளில் கூரைக்கு கான்க்ரீட் போடும்போதே அறையின் நடுவில் விசிறிக்குக் கொக்கி வைத்துவிடுகிறார்கள். விளக்கும் அதே நடுவில் வேண்டுமென்றால் இரண்டும் மோதும். விசிறிக்கு மேலே ஏதேனும் விளக்கு எரிந்தால் இறக்கைகளின் நிழல் மேசையில் துடித்துக்கொண்டேயிருக்கும். விசிறிக்கு அருகில் காகித விளக்கு தொங்கினால் அது ஊசலாடி உங்கள் கறியில் நிழலாட்டும். ஆகவே வீடு கட்டத் தொடங்கியிருப்பவர்கள், தளம் போடுவதற்கு முன்பே மேசை எங்கே வரும் என்று தீர்மானித்து, அதற்கு நேர் மேலே விளக்குக்குத் தனி இணைப்பும், விசிறிக்குச் சற்றுத் தள்ளி வேறிடமும் விடச் சொல்லுங்கள். உலோக விளக்கானால் கனத்தினால் அதிகம் ஆடாது. கம்பியைத் தேவைக்கு மேல் ஓரடியாவது கூடுதலாக விட்டு, மேலே உள்ள கிண்ணத்துக்குள் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள். அளவோடு வெட்டிவிட்டால், பின்னர் இறக்க வேண்டியபோது முழுக் கம்பியையும் மாற்ற நேரிடும். என் மருமகன் அதற்கும் ஒரு முறை செலவு செய்தான்.